ஜெனி தேர்ந்துகொண்ட நேர்ச்சை

அன்புள்ள ஜெனியின் அப்பாவுக்கு,

நீங்கள் பாட்டுக்கு மாதாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். மாட்டிக்கொண்டு முழித்தது நான். முதன்முதலில் சுகர் ஏறி ஜெனி ஐசியூவில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் மாதா திருவிழாவின் ஒன்பது நாள் நவநாளில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பாள், காவி கட்டுவாள் என்று வேண்டிக்கொண்டீர்கள். வேண்டியது நீங்கள், பட்டினி கிடப்பது அவளா? இது என்ன நியாயம்?

போன வருடம் உங்கள் அடக்கத்துக்குத் தங்கவயலிலிருந்து வந்த உங்கள் அக்கா, ஜெனி காதுபடவே சொன்னார்: "நேர்ச்சைய செலுத்தாம விட்டீங்க. அதான் என் தம்பி போய்ட்டான்." பதினைந்து வயதுப் பிள்ளை அதை மனதில் போட்டு வைத்திருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

இந்த வருடம் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று, காலையில் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு, இட்லியை அப்படியே டப்பாவில் போட்டு ஒளித்துவிட்டாள். ஊசி போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? ஹெப்பகோடி பஸ் ஸ்டாப்பில் வியர்த்து, கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். பழக்கடைக்காரம்மா "ஏனாய்த்தம்மா" என்று, என்ன ஆச்சு எனக் கன்னடத்தில் கேட்டபடி ஓடிவந்து ஜூஸ் கொடுத்ததால் தப்பித்தாள். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. உங்கள் மேலும் மாதா மேலும் ஒரே கோபம்.

பங்குச் சாமியாரிடம் இழுத்துக்கொண்டு போனேன். "நோயாளிங்களுக்கு ஒருசந்தி கிடையாதும்மா, சாப்பிடு" என்றார். இவள் விடவில்லை.

"பட்டினி எனக்குக் கஷ்டமே இல்ல ஃபாதர். கிளாஸ்ல எல்லாரும் பாக்க ஊசி போட்டுக்கிறதுதான் கஷ்டம். தினம் பாத்ரூம்ல போய்ப் போடுறேன். இனி கிளாஸ்லயே போட்டுக்கிறத நேர்ச்சையா வெச்சுக்கலாமா?"

சாமியார் என்னைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினேன்.

நவநாளில் பள்ளிக்கூடம் இருந்த நாளெல்லாம், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தே போட்டுக்கொண்டாள். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். இன்னொருத்தி வலிக்குமா என்று கேட்டாளாம். அவ்வளவுதான் நடந்தது.

திருவிழாவுக்குக் காவிப் புடவையில் சிவாஜி நகர் மாதா கோவிலுக்குப் போனோம், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு. திரும்பும்போது பஸ்ஸில், குணமாக வேண்டிக்கொண்டாயா என்று கேட்டேன்.

"இல்லம்மா. அப்பா செத்தது என்னாலயான்னு கேட்டேன்."

"மாதா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. நீ சொல்லு."

இல்லை என்றேன். மாரடைப்பு என்றேன், டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நம்பினாளா, தெரியவில்லை. நம்பும்வரை சொல்லிக்கொண்டே இருப்பேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்கள் பெண்டாட்டி, ஜெனியின் அம்மா
ரீட்டா