புதன்கிழமை லேபில் சொன்னவை

ஆகஸ்ட் 7, 2024, புதன்

இன்றைக்குப் பதினோரு பெண்கள். எல்லாரும் நாலரை மணி காலேஜ் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தவர்கள். போன வருடம் இந்த லேபில் நானும் பரிபூரணமும் மட்டும்தான் உட்கார்ந்திருந்தோம். ஹேக்கத்தான் போட்டியில் பையன்கள் எங்களைக் கோட் எழுத விடாமல் பிபிடி ஸ்லைடு மட்டும் போடச் சொன்ன கோபத்தில் ஆரம்பித்தது இந்தப் புதன்கிழமைக் கூட்டம்.

செகண்ட் இயர் மாரிசெல்வி முதன்முறையாக வாய் திறந்தாள். மினி புராஜெக்ட் கோட் முழுவதும் அவள் எழுதியது. டீமில் இருந்த இரண்டு பையன்கள் தங்கள் பெயரில் காட்டிவிட்டார்கள். கைடு சாரிடம் போய்ச் சொன்னதற்கு, உனக்கு இம்புட்டு எழுத வருமா என்று சிரித்தாராம்.  பரிதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க பேசுறது இந்த ரூமைத் தாண்டாது, செல்வி" என்றாள்.

ஆகஸ்ட் 14

மாரிசெல்வி எல்லாவற்றையும் எங்கள் வாட்ஸப் குழுவில் எழுதிவிட்டாள், கைடு சாரின் பெயரோடு. எழுது, மனசு லேசாகும் என்று சொன்னது நான்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஹெச்.ஓ.டி. நவநீதகிருஷ்ணன் சார் மாரிசெல்வியையும் அவள் அப்பாவையும் கூப்பிட்டிருக்கிறார். மேஜையில் எங்கள் குழுவின் ஸ்கிரீன்ஷாட், பிரிண்ட் எடுத்து. டிபார்ட்மென்ட் பெயரைக் கெடுத்தாள் என்று மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள்.  இனி எங்களுக்குப் புதன்கிழமை லேப் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

குழுவில் இருப்பது பதினோரு பேர். யார்? ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். அப்படி நினைப்பதே வெட்கமாக இருந்தது. பரியை மட்டும் நினைக்கவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நோட்டீஸ் போர்டில்: மாணவியர் கணினி மன்றம். செயலாளர், ம. பரிபூரணம்.

ஸ்கிரீன்ஷாட் கொடுத்தது நீயா என்று கேன்டீனில் வைத்துப் பரியிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. பெண்களுக்கென்று மன்றம் தொடங்க அனுமதி வேண்டுமென்றால் பிரச்சினை இருக்கிறதென்று ஆதாரம் காட்டு என்றாராம் ஹெச்.ஓ.டி. சார். செல்வியின் பெயரை அழித்துவிட்டுக் கொடுக்கத்தான் நினைத்தாளாம். அவசரத்தில் அப்படியே அனுப்பிவிட்டாளாம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ வேண்டாம்னு சொல்லியிருப்ப, அழகு."

ஆமா, சொல்லியிருப்பேன். அது தெரிஞ்சேதான செஞ்சிருக்கா.

செல்வி கடிதம் எழுதியபோது எங்கே இருந்தாய் என்று கேட்டேன். அடுத்த அறையில் மன்றத்தின் நோக்கங்களை டைப் பண்ணிக்கொண்டிருந்தாளாம்.

மூணு வருஷம் ஒரே பெஞ்சு. என்னட்டி நீ — என்ன பொம்பள நீ.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வத்திராயிருப்புக்கு, மாரிசெல்வி வீட்டுக்குப் போனேன். மாரிசெல்வியின் அப்பா சௌந்தரபாண்டியன் தென்னந்தோப்பு வேலைக்குப் போகிறவர். காபி வாங்கிவந்து கொடுத்துவிட்டு, இனிமேல் மகளைக் காலேஜுக்கு அனுப்பப்போவதில்லை என்றார். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். எழுதச் சொன்னது நான் என்பதையும் சொன்னேன்.

 பொறவு அவர் ஒன்று கேட்டார்.

"அந்த வேலை எம் மக செஞ்சதுதானா?"

"ஆமா ஐயா. எல்லாமே அவதான்."

"அதை அங்க ஒருத்தரும் சொல்லலியே, தாயி. பொய் சொல்லி மாட்டிக்கிட்டான்னுல்ல நெனச்சேன்."

மாரிசெல்வி லேப்டாப்பைத் திறந்து, எதை என்றைக்கு எழுதினாள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவருக்குப் புரிந்திருக்காது. கடைசிவரை பார்த்தார்.

ஆகஸ்ட் 27

மாரிசெல்வி காலேஜுக்கு வந்துவிட்டாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்தாளாம்.

செப்டம்பர் 25, புதன்

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில், நூலகத்து மாடியில் கூடுகிறோம். பதினோரு பேரில் ஆறு பேர்தான். மாரிசெல்வியின் மார்க் மாறவில்லை. அந்தக் கோட் இன்னும் அந்தப் பையன்கள் பெயரில்தான் இருக்கிறது.

இன்றைக்குப் பரி வந்தாள். உட்காரலாமா என்று வாசலில் நின்று கேட்டாள். நானாக இருந்தால் போகச் சொல்லியிருப்பேன். மாரிசெல்விதான் நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

ஒரு மணி நேரம் புரோகிராம் மட்டும் போட்டோம். யாரும் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பரி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். ஆறரை மணிக்கு முன்னாலேயே எழுந்து, வாரேன் என்றாள்.

அவள் ஸ்கூட்டி சத்தம் தெருமுனை தாண்டியது. மாரிசெல்வி லேப்டாப்பை மூடினாள்.

"அக்கா, நேத்து லேபுல ஒண்ணு நடந்துச்சு."