இடது பக்கத்து ஓட்டை

போன வாரம் முதியோர் வகுப்பு டீச்சர் கரும்பலகையில் 'மாறு' என்று எழுதினார். நான் வாசித்தேன். யாரும் சொல்லித் தராமல், எழுத்துக் கூட்டி, நானே வாசித்தேன். மா. று. எழுந்து நின்று இன்னொரு தடவை சத்தமாகவும் வாசித்தேன். வாசகசாலையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிள்ளே, உன் அண்ணன் எண்பத்தாறு வயதில் எழுத்துக் கூட்டிவிட்டான்.

டீச்சர் முதலில் மலையாளம்தான் சொல்லித் தருவதாக இருந்தார். "அப்பூப்பா, பஸ்ஸுக்க போர்டு எல்லாம் மலையாளமாக்கும். அது படிச்சா போராதா?" என்று கேட்டார்.

"போராது டீச்சரே. எனக்கு ஒரு தமிழ்க் காகிதம் வாசிக்க உண்டு."

என்ன காகிதம் என்று கேட்டார். சொல்லவில்லை. உன்னிடமே சொல்லாததை அவரிடம் எப்படிச் சொல்வது? இப்போது சொல்கிறேன், கேள். நீ எழுதித் தந்த காகிதத்தைப் போலீஸ் கிழித்துப் போட்டுவிட்டது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? பொய். அது என் தகரப் பெட்டிக்குள்தான் இருந்தது. இத்தனை வருஷமும்.

உனக்கு அப்போது பதினெட்டு வயது. திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரியில் படித்தாய். கூடைப்பந்து அணிக்கு நீதான் கேப்டன். நான் பாறசாலையிலிருந்து மரச்சீனிக் கிழங்கு கொண்டுபோகும் லாரியில் சுமடு ஏற்றுகிறவன். லீவுக்கு நீ வீட்டுக்கு வந்தால் எனக்கு உடம்பெல்லாம் வலிதான். முற்றத்தில் என்னை நிறுத்தி வைப்பாய். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பந்தைத் தட்டியபடி ஓடி வந்து தோளால் இடிப்பாய். நெஞ்சில் இடிப்பாய், விலாவில் இடிப்பாய். நான் நின்ற இடத்தில் நிற்பேன்.

"நீ கல்லாக்கும் அண்ணா. உன்ன இடிச்சா எனக்க தோள்தான் போவுது."

"பின்ன எதுக்கு இடிக்கிய?"

"எப்பிடி நிக்கியேன்னு பாக்கத்தான்."

போட்டியில் ஜெயிப்பீர்களா என்று ஒரு நாள் கேட்டேன். நீ பந்தின் மேல் உட்கார்ந்துகொண்டாய்.

"போடுறதுக்கு ஆள் உண்டு. கொல்லத்துக்காரி ஒருத்தி, கமுகு மாதிரி. அவ கையத் தூக்கினா பந்து கூடைக்குள்ள. ஆனா எங்க வீட்டுக்குக் கதவு இல்ல. முப்பது போடுவோம், முப்பத்தி ரெண்டு வாங்குவோம். எல்லாம் இடது பக்கம் வழியா."

"அங்க ஆரு நிக்கியது?"

"அவதான். நல்லாத்தான் நிப்பா. நான் மாறுன்னு சொன்னதும் போயிருவா."

'மாறு' என்று நீ கத்தினால், நீ தடுக்கிறவளை அவள் தடுக்க வேண்டும், அவள் தடுக்கிறவளை நீ தடுக்க வேண்டும். ஆளை மாற்றிக்கொள்வது. நாகர்கோவில் பெண்களுக்கு அது சட்டென்று விளங்கியது. கொல்லத்துக்காரிக்கு 'மாறு' என்றால் விலகிப் போ என்றுதான் அர்த்தம். கேப்டன் சொன்னதும் அவள் மரியாதையாக விலகி நின்றுவிடுவாள். எதிரணி அந்த வழியே உள்ளே வந்து பந்தைப் போட்டுவிட்டுப் போகும். நீ திட்டினால் அவள் அழுவாளாம்: "நீயல்லே மாறான் பறஞ்ஞது?" நமக்கு இரண்டு அர்த்தமும் தெரியும். அதனாலேயே உனக்கு அது அவ்வளவு நாள் உறைக்கவில்லை.

அந்த வருஷம்தான் நம் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்தது. தெற்கே துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்திருந்தார்கள். ரோட்டில் நாலு பேர் சேர்ந்து நின்றால் லாத்தி இறங்கும். நம் பக்கத்து வீட்டுக்காரரின் மண்டை பிளந்து, அவரைக் கட்டிலோடு சுமந்துகொண்டு வந்ததை நீயும் பார்த்தாய். பஸ் நின்றுவிட்டது. நீ வீட்டில் மாட்டிக்கொண்டாய். போட்டிக்கு நாலு நாள்தான் இருந்தது.

அப்போதுதான் அந்தக் காகிதத்தை எழுதினாய். ஹாஸ்டலில் இருந்த நாகர்கோவில்காரிக்குக் கொடுக்க வேண்டும். அவள்தான் உனக்கு அடுத்த கேப்டன். அஞ்சு வட்டம், அம்புக் குறிகள், கீழே எழுத்து. "வாசிக்கட்டா அண்ணா?" என்று கேட்டாய். லாரி ஹார்ன் அடித்தது. "எனக்கெதுக்கு? நான் என்ன பாவாடை கட்டி ஆடப் போறேனா?" என்று சொல்லி மடியில் செருகிக்கொண்டு ஓடினேன்.

வழியில் ஒரு வளைவில் புதிதாகப் போலீஸ் முகாம் போட்டிருந்தார்கள். லாரியை நிறுத்தினார்கள். மரச்சீனியைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். பிறகு என் மடியைத் தட்டினார்கள். காகிதம் கீழே விழுந்தது.

"எந்தாடா இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பந்து களி ஸார், விளையாட்டு."

அவர் என் கால்களைப் பார்த்தார், அழுக்குத் துண்டைப் பார்த்தார். சிரித்தார். பிறகு அறைந்தார். தமிழ் தெரிந்த ஏட்டு ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். ஏட்டு வாசித்த வாசிப்பு எனக்கு இன்றும் மனப்பாடம்: "இடது பக்கம் ஓட்டை. அந்த வழியாகத்தான் அடித்து உள்ளே வருவார்கள்." அதற்கு மேல் வாசிக்க இன்ஸ்பெக்டர் விடவில்லை. அவர் எழுந்து போய் முகாமின் இடது பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஓலை பிரிந்து, நிஜமாகவே ஒரு ஓட்டை இருந்தது பிள்ளே! இதைச் சொல்லும்போதும் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

"அஞ்சு பேர் ஆரெல்லாம்? எழுதினது ஆரு?"

உன் பேரைச் சொல்லியிருந்தால் ஜீப்பில் வந்து உன்னைத் தூக்கியிருப்பார்கள். அந்த நாட்களில் முகாமுக்குள் போன பெண்ணின் கதி என்ன என்று எனக்குத் தெரியும். "ரோட்டில கிடந்து எடுத்தேன்" என்றேன். லாத்தியால் உள்ளங்காலில் அடித்தார்கள். ரோட்டில கிடந்து எடுத்தேன். துப்பாக்கியின் பின்கட்டையால் வாயில் இடித்தார்கள். இரண்டு பல் உதிர்ந்து நாக்கின் மேல் கிடந்தது. அந்தக் காகிதத்தை முகத்தோடு வைத்துத் தேய்த்து, "வாசிக்கெடா" என்றார்கள். வாசிக்கத் தெரியாது என்றேன். அது ஒன்றுதான் அன்று நான் சொன்ன முழு உண்மை. அதற்கும் அடித்தார்கள். மூங்கில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விழுந்தால் மிதிப்பார்கள், அதனால் விழவில்லை.

மறுநாள் காலையில் நீ வந்தாய். டிரைவர் வந்து சொல்லி, லாரியிலேயே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நேராக இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து நின்றாய்.

"எழுதினது நானாக்கும் ஸார். இது பாஸ்கட்பால். நம்பலைன்னா காட்டித் தாறேன்."

அவர் வேடிக்கை பார்க்கிறவர் போல நாற்காலியில் சாய்ந்தார். நீ அஞ்சு போலீஸ்காரர்களை முற்றத்தில் நிறுத்தினாய். "ஏட்டு ஸார், நீங்க இங்க. நீங்க கொல்லத்துக்காரி, இடது பக்கம் நில்லுங்க." கொல்லத்துக்காரி ஆன போலீஸ்காரருக்கு மீசை காது வரைக்கும் இருந்தது. நீ பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினாய். குறுக்கே வந்த ஒருவருடைய விலாவில் முழங்கையால் நீ கொடுத்த இடியின் சத்தம் தூண் பக்கம் எனக்குக் கேட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்து, உன்னைப் பார்த்து, "மாறு!" என்று கத்தினார்.

மிச்சம் நின்ற நாலு போலீஸும் விலகிவிட்டார்கள்.

நீ நடுவில் ஓடி வந்து எனக்கு முன்னால் நின்றாய். மூச்சு வாங்கியது உனக்கு. திரும்பி, "பாத்தேளா ஸார்? எங்க டீமைப் பிடிச்ச தீனமும் இதுதான்" என்றாய்.

ஏட்டு முதலில் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. போகும்போது என் இடுப்பில் காலால் இன்னொரு சவிட்டு தந்துதான் என்னை விட்டார். உன்னை லாரியில் ஏற்றிவிட்டு நான் துண்டை எடுக்கத் திரும்பியபோது, ஏட்டு அந்தக் காகிதத்தை மடித்து என் கைக்குள் திணித்தார். முழுதும் என் இரத்தம். மூன்றாம் நாள் உனக்குக் களி. அதைப் பார்த்திருந்தால் நீ பந்தைப் பார்த்திருக்க மாட்டாய். கிழித்துப் போட்டுவிட்டார்கள் என்றேன். "போனா போட்டு, எழுதினது எல்லாம் எனக்கு ஓர்மை உண்டு" என்றாய்.

லாரியிலேயே நீ ஒரு புதிய சொல்லைக் கண்டுபிடித்தாய். இனிமேல் 'மாறு' கிடையாது. 'கதவு' என்று கத்தினால் ஓட்டையை அடைக்க வேண்டும். நமக்குக் கதவு, அவளுக்குக் கதகு. யாரும் விலகிப் போக மாட்டார்கள்.

வீங்கின முகத்தோடு வேலிக்கு வெளியே நின்று உன் களியைப் பார்த்தேன். பெண்பிள்ளைகள் களி என்று நினைத்து வந்தவன் நான். நகத்தால் கீறினார்கள், முடியைப் பிடித்து இழுத்தார்கள், நடுவர் திரும்பினால் முழங்காலால் குத்தினார்கள். என் பக்கத்தில் நின்றவன், "பாண்டிகளை அடிச்சு ஓடிக்கெடீ" என்று கத்தினான். நீங்கள் ஒரு புள்ளி மேலே. கடைசி நிமிஷத்தில் எதிரணியில் எருமை போன்ற ஒருத்தி பந்தோடு இடது பக்கம் பாய்ந்தாள். "கதவு!" என்று நீ கத்தினது ரோடு வரைக்கும் கேட்டது. கொல்லத்துக்காரி நின்றாள். இரண்டு மண்டையும் மோதின. புருவம் பிளந்து இரத்தம் அவளுடைய கழுத்து வரைக்கும் ஒழுகியது. அவள் ஒரு அடிகூடப் பின்னால் வைக்கவில்லை. பந்து கூடைக்குப் போகவில்லை. தமிழர்களைப் பாண்டி என்று ஏசினவனுடைய பிடரியில் நான் ஒன்று வைத்தேன். அதை உன்னிடம் சொல்லியிருக்கிறேன்.

கோப்பை வந்ததா? வரவில்லை. மறுநாள் இறுதி ஆட்டத்தில் இடது பக்கத்தை அடைத்து வைத்தீர்கள், வலது பக்கம் திறந்துகொண்டது. பன்னிரண்டு புள்ளியில் தோற்றுவிட்டு, நீங்கள் அஞ்சு பேரும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து சிரித்ததை நான் பார்த்தேன்.

பிறகு எல்லை போட்டார்கள். நம் வீடு இந்தக் கேரளப் பக்கம் நின்றது. நீ கல்யாணமாகி அந்தப் பக்கம் போனாய், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் ஆனாய். ஒவ்வொரு தடவை வரும்போதும் என் வாயைப் பார்த்து, "பல்லு கெட்டலாமே அண்ணா" என்பாய். வேண்டாம் என்பேன். போன ஆடியில் உன்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கும்போது தலைமாட்டில் யாரோ பழைய பந்து ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். காற்று இல்லாத பந்து. அதைப் பார்த்த பிறகுதான் நான் வாசகசாலைப் படி ஏறினேன்.

'மாறு' வாசித்த அன்று வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். மேலே உள்ள வரிகள் ஏட்டு வாசித்தவை. அவற்றை வேகமாகக் கடந்தேன். அவர் வாசிக்காத ஒரு வரி அடியில் இருந்தது. இடது பக்கத்து வட்டத்துக்கு நேர் கீழே, சின்ன எழுத்தில். நடுவில் இரத்தக் கறை, காப்பி நிறத்தில். இரண்டு நாள் ஆயிற்று எனக்கு. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்தேன்.

'இங்கே நிற்கிறவள் என் அண்ணன் நிற்பதுபோல் நிற்கணும். எவ்வளவு இடித்தாலும் மாறாதே.'

அந்தக் காகிதத்தை என் முகத்தில் வைத்துத் தேய்த்தபோது இந்த வரிதான் என் கண்ணுக்கு நேரே இருந்திருக்கும்.

இப்போது தினமும் காலையில் அதைச் சத்தமாக வாசிக்கிறேன். 'மாறாதே' என்று சொல்லும்போது பல் போன இடத்தில் காற்று சீறிக்கொண்டு வெளியே போகிறது. அதுவும் இடது பக்கம்தான் பிள்ளே.