இரவல் சட்டையில் வந்த வெள்ளிக்கிழமை

பக்கத்து மனையில் புதுக் கட்டடம் எழும்புகிறது. நேற்றுத் தூண்களுக்குக் கான்கிரீட் போட்டவர்கள் இன்று காலையில் அவற்றைச் சுற்றிச் சாக்கு கட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்ததும் ஈரச் சாக்கும் சிமென்ட்டும் கலந்த அந்த வாசனை உள்ளே வந்தது. கையிலிருந்த தூரிகையைக் கழுவாமலே உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு பர் துபாய்க்கு வந்த பிறகும் உங்கள் மேல் இந்த வாசனை லேசாக இருக்கும். அதை மறைக்க நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். எனக்கு அது பிடிக்கும் என்று உங்களிடம் எப்போதாவது சொன்னேனா? நினைவில்லை. இப்போது சொல்கிறேன்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு?

இரண்டாயிரத்தொன்று, குளிர்காலம். எனக்கு முப்பத்தொரு வயது. சென்னையில் ஓவியக் கல்லூரிப் படிப்பை முடித்து, நிச்சயமான ஒரு கல்யாணம் நின்று, அப்பாவும் போன பிறகு துபாயில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அண்ணன் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பெரிய இன்ஜினியர். எனக்கு ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார். அந்தக் கட்டடத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் ஓவிய வகுப்பு எடுப்பேன். மற்ற நேரத்தில் படங்களை அட்டைப் பையில் போட்டுக்கொண்டு படக்கடைகளுக்கு அலைவேன். ஒரு கடைக்காரப் பெண்மணி, தன் காபி ஆறுவதற்குள் என் ஒரு வருட உழைப்பைப் புரட்டி முடித்துவிட்டுக் கேட்டாள்: "குதிரை இருக்கிறதா? ஓட்டல் அறைகளுக்குக் குதிரைதான் கேட்கிறார்கள்." அன்று வீட்டுக்கு வந்து ஒரு குதிரை வரைந்தேன். அது அழுதுகொண்டிருப்பது போல இருந்தது.

அதனால்தான் வெள்ளிக்கிழமைக் காலைகளில், கடல் ஊருக்குள் புகுந்து வரும் அந்த க்ரீக் கரைக்குப் போக ஆரம்பித்தேன். படகுத்துறைக்குச் சற்றுத் தள்ளி ஒரு கல் பெஞ்சு. எதிர்க்கரையில் சரக்குப் படகுகள், நடுவில் ஆட்களை ஏற்றிப் போகும் சின்னப் படகுகள், குளிருக்கு எங்கிருந்தோ வந்த கடற்பறவைகள். பனி மூட்டத்தில் எல்லாமே பாதி கரைந்து நிற்கும். யாருக்கும் வேண்டாத படங்களை அங்கே உட்கார்ந்து நிம்மதியாக வரையலாம்.

மூன்று வெள்ளிக்கிழமை என் பின்னால் வந்து நின்றிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். நம் ஆட்கள் பலரும் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. நான்காவது வெள்ளிக்கிழமை குரல் கேட்டது.

"தப்பா நெனச்சுக்கிராதீங்க மேடம். தண்ணி இப்ப ஏறுது. நீங்க வத்துற தண்ணியப் போட்டிருக்கீங்க."

கோபத்தோடு திரும்பினேன். கறுத்து மெலிந்த ஒருவர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "தண்ணி தண்ணிதானே?" என்றேன்.

"இல்ல மேடம். ஏறுற தண்ணி கடல்லேருந்து வருது, பச்சையா இருக்கும். வத்தும்போது அடிமண்ணக் கலக்கிக்கிட்டு வரும். ஒரு மணி நேரம் பாத்தா தெரியும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்களைப் பொய்யாக்க வேண்டும் என்றே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. ஐந்து வருடம் கல்லூரியில் தண்ணீர் வரையக் கற்றவள், அன்றுதான் தண்ணீரைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் நானே உங்களைத் தேடினேன். ராமநாதபுரம் பக்கம் கடற்கரை ஊர், அப்பா காலத்திலிருந்து மீன்பிடி, படகை இழந்த பிறகு ஏஜென்ட் மூலம் துபாய்க்குக் கம்பி கட்ட வந்தது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. "கடல்ல பொறந்தவன் மணல்ல நின்னு கம்பி கட்டுறேன் மேடம்" என்று நீங்கள் சிரித்தபோது, அதில் குறை எதுவும் இல்லை. வேறு யாருக்கோ நடந்த வேடிக்கையைச் சொல்வது போல இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் எனக்கு ஒரே நீண்ட காலை போலத்தான் நினைவிருக்கிறது. பெஞ்சின் ஒரு முனையில் நீங்கள், மறு முனையில் நான், நடுவில் வண்ணப் பெட்டி. காகிதக் கோப்பையில் டீ. படகு ஒன்று கடக்கும்போது எழும் அலை கரைக்கு வரும்வரை பேசாமல் இருப்போம். வந்து மோதிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்.

ஒருநாள், உங்களை வரைய வேண்டும் என்று கேட்டேன். "சரி" என்று தலையாட்டினீர்கள். அடுத்த வெள்ளி மடிப்புக் கலையாத வெளிர் மஞ்சள் சட்டையில் வந்து நின்றீர்கள். தோள் உங்களுக்குக் கொஞ்சம் பெரிது. அது தொழிலாளர் கேம்ப்பில் உங்கள் ரூம் ஆள் ஒருவரின் சட்டை என்று பிறகு சொன்னீர்கள். என் முகம் வாடியதைப் பார்த்துவிட்டீர்கள்.

"என்ன மேடம், நல்லா இல்லையா?"

"இல்ல... அந்த நீலக் கவரால் இருக்குமில்ல, சைட்ல போடறது? அதுல வருவீங்கன்னு நெனச்சேன். அது படத்துக்கு ரொம்ப நல்லா இருக்கும்."

நீங்கள் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: "அது கம்பெனித் துணி மேடம். நான் இல்ல அது."

என் காது சூடானது. அந்த ஒரு நொடியில் என்னை நானே பார்த்துவிட்டேன். குதிரை கேட்ட அந்தப் பெண்மணியின் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். காகிதத்தை எடுத்து அந்த மஞ்சள் சட்டையை வரையத் தொடங்கினேன். தோளில் பெரிதாக இருந்த இடத்தையும், காலரில் இஸ்திரி போட்டவர் விட்டுவிட்ட சின்னச் சுருக்கத்தையும் விடவில்லை. நான்கு வெள்ளிக்கிழமை ஆயிற்று. நான்காவது வெள்ளிக்கிழமை முடிவில் உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. காதல் என்று அதற்குப் பெயர் வைக்க எனக்கு இன்னும் பல நாள் பிடித்தது.

படத்தை முதலில் பார்த்தது அண்ணி. "யார் இது?" என்று கேட்டார். நான் சொன்ன விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அண்ணனிடம் விஷயம் போயிற்று.

"கம்பி கட்டற ஆளு! உனக்குப் பைத்தியமா? அவன் எந்தக் கம்பெனின்னு சொல்லு. நான் ஒரு ஃபோன் போட்டா போதும், விசா கேன்சல். அடுத்த ஃபிளைட்ல ஏத்திவிட்டுருவாங்க."

அண்ணன் கெட்டவர் இல்லை, உங்களுக்கே தெரியும். பயந்துபோயிருந்தார். ஆனால் அந்த ஃபோனை அவரால் போட முடியும் என்பது உண்மை. மறுநாள் பிள்ளைகளுக்குக் கலர் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, உங்கள் சைட் கேட்டுக்கு எதிரே மதிய இடைவேளையில் வந்து நின்றேன். நீங்கள் நீலக் கவராலில் ஓடி வந்தீர்கள். கையெல்லாம் துரு. இனி வராதீர்கள், உங்கள் பிழைப்பு போய்விடும் என்றேன்.

"கேன்சல் பண்ணட்டும் மேடம். ஊருக்குப் போக நான் பயந்தவனா? இதோட கலாஸ், முடிஞ்சுதுன்னு நீங்க சொன்னா நான் போயிர்றேன். அவங்க சொல்லிப் போக மாட்டேன்."

"நான் சொல்லல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கே உங்கள் கண் நிறைந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை க்ரீக்குக்குப் போகாமல் எங்கள் ஃப்ளாட்டின் மணியை அடித்தீர்கள். அதே இரவல் சட்டை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நின்றீர்கள். அண்ணன் உட்காரச் சொல்லவில்லை. நான் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து போட்டேன். தரையில் அது எழுப்பிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நீங்கள் உட்காரவில்லை. அதன் முதுகில் கையை மட்டும் வைத்துக்கொண்டீர்கள்.

"உனக்கு அவளப் பத்தி என்ன தெரியும்?" என்றார் அண்ணன்.

"பெருசா ஒண்ணும் தெரியாது சார். காலையில படம் போட உக்காந்தா சாப்பிட மறந்துருவாங்க. மத்தியானம் தலைவலி வரும், யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க. படம் நல்லா வந்தா செருப்பக் கழட்டிட்டு நடப்பாங்க. இவ்வளவுதான் சார் தெரியும்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரே வீட்டில் இரண்டு வருடம் இருந்தவர். என் தலைவலி அவருக்குத் தெரியாது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஃபோனும் போடவில்லை, கல்யாணத்துக்கும் வரவில்லை. அண்ணி மட்டும் ஒரு பட்டுப் புடவையைப் பெட்டிக்குள் யாருக்கும் தெரியாமல் வைத்து அனுப்பினார்.

உங்கள் ஊர்க் கோவிலில் கல்யாணம். உங்கள் அம்மா என் கையைத் தொடத் தயங்கித் தன் கையை முந்தானையில் மூன்று முறை துடைத்துக்கொண்டார். நான்தான் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு விடவே இல்லை அவர்.

கல்யாணமான மறுநாள் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? "மேடத்த விட்டுட்டேன், ஆனா நீங்க நீங்கன்னுதான் வாய்க்கு வருது" என்றீர்கள். "அப்ப நானும் நீங்கன்னுதான் சொல்லுவேன், ஆயுசுக்கும்" என்றேன். கடைசி வரைக்கும் இரண்டு பேரும் மாறவில்லை. மனைவியை 'நீங்க' என்று கூப்பிடும் ஆளை உங்கள் ஊர்ப் பெண்கள் பார்த்து அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஓமானில் சோஹார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை வேலை, உங்களுக்குத் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டும் வேலை. மறுபடியும் தண்ணீர் கிடைத்துவிட்டது என்று நீங்கள் பிள்ளை போலச் சந்தோஷப்பட்டீர்கள். தையல்கடைக்கு மேலே இந்த இரண்டு அறை. அதில் வெளிச்சம் வரும் அறையை எனக்குக் கொடுத்துவிட்டு, சமையலறை ஓரம் பாயை விரித்துக்கொண்டீர்கள். ஐந்து வருடம். தைக்கும் சத்தம் கீழேயிருந்து மழை போல வந்துகொண்டிருக்கும். நான் வரைவேன், நீங்கள் தூங்கி எழுவீர்கள், எழுந்ததும் படத்தைப் பார்ப்பீர்கள். பிடித்தால் பேச மாட்டீர்கள். பிடிக்காவிட்டால் "டீ போடட்டுமா?" என்பீர்கள்.

எல்லாம் இனிமை என்று எழுதினால் நீங்களே ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். பொங்கல் விருந்துக்கு என் பள்ளி ஆசிரியை ஒருவர் வீட்டுக்குப் போனோமே, அந்த அம்மா உங்களை டிரைவர் என்று நினைத்து, "அந்த சேரையெல்லாம் கொஞ்சம் மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டீர்கள். திரும்பி வரும்போது வழியெல்லாம் அழுதேன். நீங்கள் சொன்னீர்கள்: "நான் சேர் தூக்கலன்னா நீங்க எதுல உக்காந்து சாப்பிட்டிருப்பீங்க?" சிரித்துவிட்டேன். ஆனால் அன்று நீங்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் படுத்துக்கொண்டீர்கள். அதையும் நான் கவனித்தேன்.

மஸ்கட்டில் என் முதல் கண்காட்சி நடந்தபோது, இரவல் சட்டைப் படத்தை நடுச்சுவரில் மாட்டினேன். நீங்கள் அதன் பக்கமே வராமல் தூணுக்குப் பின்னால் நின்றீர்கள். பணக்கார முதியவர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, யார் இது என்று ஆங்கிலத்தில் கேட்டார். "என் கணவர்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. தூணுக்குப் பின்னால் இருந்தவருக்குப் புரிந்தது. முதியவர் விலை கேட்டும் அந்தப் படத்தை நான் விற்கவில்லை.

போன வருடம் ஒரு முற்பகலில் துறைமுகத்திலிருந்து அழைப்பு வந்தது. கயிற்றைப் போட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை என்றார்கள். நாற்பத்திரண்டு வயது. உங்களை நான்தான் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திருச்சி விமான நிலையத்தில் அண்ணன் நின்றிருந்தார். ஏழு வருடத்தில் முதல் முறை. உங்கள் பெட்டி வெளியே வந்ததும், அருகே போய் ஒரு பக்கத்தைத் தன் கையால் பிடித்துக்கொண்டார். வண்டிக்காரரிடம், "மெதுவா ஏத்துங்க, அவருக்கு ஆடக் கூடாது" என்றார். அவருக்கு. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

காரியங்கள் முடிந்ததும் தன்னோடு வந்துவிடும்படி அண்ணன் கெஞ்சினார். நான் சோஹாருக்கே திரும்பினேன். வகுப்பு எடுக்கிறேன், வரைகிறேன். படங்கள் கொஞ்சம் விற்கின்றன. குதிரை ஒன்றுகூட இல்லை.

ஒன்றை மட்டும் நான் வரையவில்லை. நீங்கள் போவதற்கு முந்தைய குளிர்காலத்தில், தெரிந்த மீனவர் ஒருவரின் படகைக் கேட்டு வாங்கி, விடிந்ததும் என்னைக் கடலுக்குள் கூட்டிப்போனீர்கள். கொஞ்ச தூரத்தில் பனி இறங்கிவிட்டது. சோஹார் மறைந்தது. துறைமுகத்தின் பளு தூக்கிகள் மறைந்தன. நீங்கள் என்ஜினை நிறுத்தினீர்கள். எந்தப் பக்கம் கரை என்று எனக்குத் தெரியவில்லை. சுற்றிலும் வெள்ளை. தண்ணீர் படகின் அடியைத் தட்டும் சத்தம் மட்டும்.

"பயமா இருக்கா?" என்றீர்கள்.

"இல்ல."

"அப்ப கொஞ்ச நேரம் இப்படியே இருப்போம். இங்க நம்மள யாரும் யாருன்னு கேக்க மாட்டாங்க."

இருந்தோம். உங்கள் தோளில் பனி முத்து முத்தாக இறங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எத்தனை வெள்ளைக் கான்வாஸை எதிரே வைத்தாலும் அந்தக் காலையின் மேல் ஒரு கோடு போட எனக்கு மனம் வருவதில்லை. அதை அப்படியே வைத்திருக்கிறேன்.