உடனடியாக அமலுக்கு வருகிறது

மில்பரி, ஒஹையோ
ஏப்ரல் 10, 1952

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நடப்பதையெல்லாம் கூட்டாமல் குறைக்காமல் உங்களுக்கு எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். எனக்குச் சாதகமில்லாததையும் எழுதுவேன். குடிமையியல் வகுப்பில் மிஸ் டியர்னி ஆளுக்கொரு குறிப்பேடு வைக்கச் சொன்னார். நான் அதைக் கடிதங்களாக எழுதிக்கொள்கிறேன் என்று அனுமதி வாங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஜனாதிபதி ரேடியோவில் பேசியதைக் கேட்டோம். கொரியாவில் சண்டை நடக்கும்போது உருக்காலைகள் நிற்கக் கூடாது, அதனால் அரசாங்கமே அவற்றை எடுத்துக்கொள்கிறது என்றார். ஓந்த்ரே மாமா ஸ்டிரைக்குக்குத் தயாராகச் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். பேச்சு முடிந்ததும் எழுந்துபோய் அதை நிமிர்த்தி வைத்தார்.

"ரோ, வாஷிங்டன்ல உங்கப்பாவோட ஆபீஸ்தான் இனி எனக்கு முதலாளி. எங்க ஃபோர்மன் வாயைக் கொஞ்சம் அடக்கச் சொல்லி எழுது" என்றார்.

மறுநாள் பள்ளி விட்டதும் ஆலை வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். வாயிற்கம்பத்தில் புதுக் கொடி பறந்தது. வேறு எந்த மாற்றமும் எனக்குத் தெரியவில்லை. மாமாவிடம் சொன்னேன். "அதே சூப்பரிண்டெண்டெண்ட், அதே நாற்காலி, அதே இருமல். கொடி மட்டும் புதுசு" என்றார்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஆலைக்காரங்களைக் கேட்டாங்களா?" என்றாள். இல்லை, தந்தி கொடுத்தார்கள் என்றேன். "ம்" என்றாள். அவ்வளவுதான்.

நீங்கள் இருவரும் ஜனவரியில் பிரிந்தபோது, ஆண்டுப் படிப்பு முடியும்வரை நான் இங்கே அம்மாவோடு மாமா வீட்டில் இருக்கட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றீர்கள். ஜூன் 13 அன்று படிப்பு முடிகிறது. செப்டம்பரில் நான் எங்கே படிக்கப்போகிறேன் என்று இன்னும் யாரும் பேசவில்லை. எனக்கு உங்களிடம் வரத்தான் ஆசை. மாமா வீட்டில் எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள். ஆனால் நான் படித்துக்கொண்டிருந்தால் வெரோனா அத்தை வந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார், காய்ச்சலோ என்று.

அன்பு மகள்,
ரோவெனா

பி.கு. மே 23 பள்ளியில் விவாதம். "ஆலைகளை எடுத்துக்கொள்ள ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டா?" நான் உண்டு என்ற பக்கம். வருவீர்களா?

வாஷிங்டன்
ஏப்ரல் 15, 1952

என் கண்ணு ரோ,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று முறை படித்தேன். பக்கத்து மேசைக்காரர் "காதலியா?" என்று கேட்டார். "என் வழக்கறிஞர்" என்றேன்.

ஒரு ரகசியம் சொல்கிறேன். ஆலைகளுக்குப் போன தந்திகளில் சிலவற்றைத் தட்டச்சு செய்தவன் நான். "உடனடியாக அமலுக்கு வருகிறது" என்று முடித்தேன். பதினெட்டு வருஷமாக அலுவலகங்களில் தட்டச்சு செய்கிறேன். நான் அடித்த ஒரு வாக்கியத்துக்கு ஊரே கீழ்ப்படிந்தது இதுதான் முதல் தடவை. அன்று நடந்தே அறைக்கு வந்தேன். இங்கே எனக்கு ஒரு கட்டில், ஒரு மின் அடுப்பு, மரத்தைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். பீன்ஸ் டப்பாவைச் சூடாக்கிச் சாப்பிட்டேன். சொல்லிக்கொள்ள ஆளில்லை. அதனால் உனக்குச் சொல்கிறேன்.

விவாதத்துக்கு உனக்கு வேண்டிய வாதம் இது. அவசரம் என்று வந்தால் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. பொறுப்பு யார் தோளில் இருக்கிறதோ அவர் செய்யவேண்டியதைச் செய்துவிட வேண்டும். நல்லது என்று பிறகு எல்லோருக்கும் புரியும். இதை மெதுவாக, கண்களைப் பார்த்துச் சொல்.

மே 23 கட்டாயம் வருகிறேன். செப்டம்பரைப் பற்றிக் கவலைப்படாதே. அதை அப்பா பார்த்துக்கொள்வேன்.

உன் அப்பா,
எம்லின்

மில்பரி
மே 24, 1952

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் தந்தி கிடைத்தது. ஆலைக்காரர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எந்த நாளும் வரலாம் என்பதால் அலுவலகத்தில் யாருக்கும் விடுப்பு இல்லை என்பது புரிகிறது. ஆனாலும் மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலியில் என் கோட்டைப் போட்டு வைத்திருந்தேன். தந்தி வந்த பிறகும் அதை எடுக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

நான் ஜெயித்தேன். ஹெஸ்டர் பிளம் எதிர்ப்பக்கம். அவள் கேட்ட கேள்வி இது: "சட்டம் போடறது காங்கிரஸ் சபை. அங்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? கேக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" நான் அவள் கண்களைப் பார்த்து உங்கள் வாக்கியத்தை மெதுவாகச் சொன்னேன். கைதட்டல் வந்தது. ஷிப்ட் முடிந்து வந்திருந்த ஆலைத் தொழிலாளிகள்தான் அதிகம் தட்டினார்கள். மாமா விசிலே அடித்தார், மிஸ் டியர்னி திரும்பிப் பார்த்தார்.

அம்மா கடைசி வரிசையில் இருந்தாள். அவள் தட்டவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது நான் கேட்டேன்.

"நல்லா பேசலையாம்மா?"

"ரொம்ப நல்லா பேசினே. அந்த வாக்கியம் எனக்குப் பழக்கம், ரோ. மூணு தடவை வீடு மாறினோமே, மூணு தடவையும் வண்டி வாசல்ல வந்து நின்ன பிறகு எனக்குச் சொன்ன வாக்கியம்."

"ஆனா அப்பா கெடுதலுக்கா செஞ்சார்?"

"எப்பவும் நல்லதுக்குத்தான் செய்வார். அதனாலதான் சண்டை போடவும் முடியல."

கூட்டாமல் குறைக்காமல் எழுதுவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

அன்பு மகள்,
ரோவெனா

வாஷிங்டன்
மே 28, 1952

என் வெற்றி வீராங்கனைக்கு,

அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஒரு வழக்கறிஞர் உன்னை இங்கே வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்.

அந்த நாற்காலிக்காக என்னை மன்னித்துவிடு. அதை நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா சொன்னதைப் பற்றி நேரில் பேசுவோம். உனக்காக ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். இப்போது சொல்லமாட்டேன். உனக்கு மிகவும் பிடிக்கும்.

உன் அப்பா

மில்பரி
ஜூன் 5, 1952

அன்புள்ள அப்பாவுக்கு,

திங்கட்கிழமை தீர்ப்பு வந்தது. உங்களுக்கு என்னைவிட முன்பே தெரிந்திருக்கும். அன்றே ஆலையில் எல்லோரும் ஸ்டிரைக் என்று வெளியே வந்துவிட்டார்கள். இப்போது சங்கு ஊதுவதில்லை. பகலில் எல்லா வீட்டு வாசலிலும் ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், எங்கே பார்ப்பது என்று தெரியாமல். மாமா வேலிக்கு இரண்டாவது தடவை வர்ணம் அடிக்கிறார். "ஜட்ஜுங்க சொன்னது எனக்குப் புரியல. மறுபடி தெருவுக்கு வந்துட்டேன், அது புரியுது" என்கிறார்.

நூலகத்தில் செய்தித்தாளில் வந்ததை முழுதும் படித்தேன். ஒன்பது பேரில் ஆறு பேர் செல்லாது என்கிறார்கள். ஜனாதிபதி நல்லவரா, ஆலை ஓடுவது நல்லதா என்பதல்ல அவர்களுடைய கேள்வி. அந்த முடிவு யாருடையது, யாரைக் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான். நான் அதைப் படித்துவிட்டு வெளியே வந்தபோது இன்னும் உங்கள் பக்கம்தான் இருந்தேன்.

அதற்கு அடுத்த நாள் நடந்ததை எழுதுகிறேன். எட்டாம் வகுப்புத் தேர்ச்சிப் படிவத்தில் கையெழுத்துப் போட அம்மாவும் நானும் பள்ளிக்குப் போனோம். தலைமை ஆசிரியர் லேதம், "அடடா, ரோவெனாவோட பதிவேடெல்லாம் வாஷிங்டனுக்குப் போயிடுச்சே மேடம். தந்தி வந்து மூணு வாரம் ஆச்சு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!" என்றார். தந்தியை எடுத்துக் காட்டினார். "ரோவெனா பிரிட்சர்ட்டின் பதிவேடுகளை அனுப்பவும். பள்ளி மாற்றம் உடனடியாக அமலுக்கு வருகிறது." கீழே உங்கள் பெயர்.

லேதம் சிரித்தார். "பள்ளிக்கூடத்தையும் அரசாங்கம் எடுத்துக்கிச்சோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்" என்றார். அம்மாவும் மரியாதைக்குச் சிரித்தாள். கையெழுத்துப் போட எடுத்த பேனாவைக் கையிலேயே வைத்திருந்தாள். அதை அவரிடம் திருப்பிக் கொடுக்க மறந்து வீடுவரை கொண்டுவந்துவிட்டாள்.

அப்பா, உங்களுக்குப் பழக்கத்தில் கை அப்படியே அடித்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் கணக்குப் பார்த்தால், நான் விவாதத்தில் ஜெயித்த அன்று இந்தப் பள்ளியின் மாணவியே இல்லை.

மூடிய ஆலை வாசலைத் தாண்டும்போது அம்மா சொன்னாள்:

"நீ அங்க போக ஆசைப்படறது எனக்குத் தெரியும். உன் தலகாணிக்கு அடியில வாஷிங்டன் வரைபடம் இருக்கு."

"அப்போ என்னை அனுப்பிடுவியா?"

"கேட்டிருந்தா அனுப்பியிருப்பேன். ரெண்டு நாள் அழுதிருப்பேன், அனுப்பியிருப்பேன்."

அப்பா, அம்மா சொன்னதை நீங்கள் நன்றாகக் கவனியுங்கள். அனுப்பமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நீங்கள் அவளுக்கு ஒரே ஒரு வரி எழுதினால் போதும். "ரோ என்னிடம் வரலாமா?" என்று. கேள்விக்குறி இருக்க வேண்டும். எழுதுவீர்களா?

எதிர்பார்த்திருக்கும்,
ரோவெனா

வாஷிங்டன்
ஜூன் 11, 1952

என் கண்ணு ரோ,

இத்துடன் ரயில் டிக்கெட் வைத்திருக்கிறேன். ஜூன் 21, சனிக்கிழமை காலை 8.40. இறங்கும் இடத்தில் நான் நிற்பேன். உன் பள்ளி என் அறையிலிருந்து நான்கு தெரு தள்ளி. பெரிய அறை ஒன்று பார்த்துவிட்டேன். உன் பக்கத்துக்குத் திரை தைக்க வீட்டுக்கார அம்மாள் ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்தப் பள்ளியில் இரண்டே இடம் காலியாக இருந்தது. யோசிக்க நேரமில்லை. அதனால்தான் அந்தத் தந்தி.

நீ கேட்டதைப் பற்றி. நான்கு நாட்கள் அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தேன், ரோ. பிறர் சொல்லி எத்தனையோ கடிதம் அடித்த கை இது. "ஐரீனாவுக்கு" என்று உன் அம்மா பெயரை எழுதியதும் நின்றுவிடுகிறது. நீ எனக்கு நேர்மையாக எழுதுகிறாய், நானும் எழுதுகிறேன். கேட்டால் "முடியாது" என்று ஒரு பதில் வரலாம் அல்லவா? தந்திக்கு அப்படிப் பதில் வராது. எனக்கு அது பழகிவிட்டது. இங்கே ஆலை விஷயம் தோற்றதிலிருந்து யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாய் திறப்பதே இல்லை. நீ வந்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அம்மாவும் புரிந்துகொள்வாள்.

கனமான புத்தகங்களைக் கொண்டுவராதே. இங்கே எல்லாம் இருக்கிறது.

உன் அப்பா

மில்பரி பொது நூலகம்
ஜூன் 21, 1952, சனிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் இப்போது ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள். ரயில் வந்து, எல்லோரும் இறங்கிப்போன பிறகும் கடைசிப் பெட்டிவரை நடந்து பார்ப்பீர்கள். அதை நினைத்தால் எனக்கு எழுத வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

இந்தப் பத்து நாளும் தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் வாசலில் இருந்தேன். அம்மாவும் அதே நேரத்தில் வாசல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். மழை பெய்த அன்றும் ஊற்றினாள். உங்கள் கையெழுத்தில் அவள் பெயருக்கு எதுவும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை என் கவுன்களையெல்லாம் அம்மா இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடுக்கினாள். அத்தை கசகசா ரொட்டி சுற்றிக் கொடுத்தார். மாமா, "நான் வேணா கூட வந்து ஏத்தி விடவா? எனக்குத்தான் வேலை இல்லையே" என்றார். வேண்டாம் என்றேன். இன்று காலை அம்மா வாசலில் நின்று, "உன் முடிவு, ரோ. போனாலும் நீ என் பொண்ணுதான்" என்றாள். அவள் என்னைத் தடுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. படிக்கட்டில் ஒரு கால் வைத்தேன். பெட்டியைத் தூக்கி உள்ளே வைக்க ஒருவர் கை நீட்டினார். "ஏறும்மா, கிளம்பப்போகுது" என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அம்மாவுக்காக இறங்கினேனா என்று கேட்டால், முழுக்க அப்படி இல்லை. நான் வந்துவிட்டால் நீங்கள் அந்த ஒரு வரியை எப்போதும் எழுதமாட்டீர்கள். பிறகு என் விஷயத்திலும் எதையும் என்னைக் கேட்கமாட்டீர்கள். நான்காவது வீட்டுக்கு வண்டி வந்து நின்ற பிறகு எனக்குச் சொல்வீர்கள், நல்லதுக்குத்தான் என்று. அது நல்லதாகவும் இருக்கும்.

தீர்ப்பில் மூன்று நீதிபதிகள் ஜனாதிபதி பக்கம் இருந்தார்கள். எனக்குள்ளும் தீர்ப்பு ஒருமனதாக இல்லை, அப்பா. எனக்குள் இருக்கும் அந்த மூன்று பேர் ரயில் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் அவர்களோடு ரொம்ப நேரம் நின்றேன்.

டிக்கெட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். வீட்டுக்கு இன்னும் போகவில்லை. அம்மா நான் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அவள் முகத்தில் வரப்போகும் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அதனால் காலையிலிருந்து பெட்டியோடு இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். ரொட்டியை யாருக்கும் தெரியாமல் பிட்டுப் பிட்டுத் தின்றேன்.

அந்தத் திரை எந்த நிறம் என்று நீங்கள் எழுதவில்லை. தெரிந்துகொள்ள ஆசை. அம்மாவுக்கு எழுதும்போது அதையும் எழுதுங்கள்.

என்றும் உங்கள் மகள்,
ரோவெனா பிரிட்சர்ட்

பி.கு. சனிக்கிழமை ஐந்து மணிக்கு நூலகத்தை மூடிவிடுவார்கள். நூலகர் திருமதி ஓக்ஸ் என் பெட்டியைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவர் மேசை மேசையாக வந்துகொண்டிருந்தார். இந்த வரியை எழுதும்போது விளக்குகளை அணைத்துவிட்டார்.