மேட்டுக்காட்டில் பெய்த மழை

சேசு மரி சூசை துணை

புதுச்சேரி
1937 ஜூன் 20

பாசமுள்ள மகன் பிரகாசத்துக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நாங்கள் சுகம், சைகோனில் நீயும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபமாலை சொல்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து கோயிலுக்கு நடந்தே போகிறாள்.

மூன்று வருஷமாக எழுதாமல் தள்ளிப்போட்டதை இன்று எழுதுகிறேன். நெல் விலை விழுந்ததென்று நான் கோடைப் போகத்தை நிறுத்திக் குழாய்க் கிணற்றை அடைத்தபோது நீ தடுத்தாய். கோடையில் வயலில் தண்ணீர் நின்றால் அந்த ஈரம் எழும்பிக் கடற்காற்றோடு மேற்கே போய் மேட்டுக்காட்டில் மழையாக விழும், நாம் காயப்போட்டால் அங்கே உள்ளவர்களுக்கு மழை குறையும் என்றாய். "நாலு புஸ்தகம் படிச்சுட்டு எனக்கு மழையப் பத்திச் சொல்ல வந்துட்டியா" என்று ஆட்கள் முன்னால் உன்னை ஏசினேன். நீ கப்பலேறிய அன்று வழியனுப்பவும் வரவில்லை.

என்னைப் பார்த்துத் தவளக்குப்பம் பக்கத்து நிலக்காரர்கள் எல்லோரும் கோடைப் பாசனத்தை விட்டார்கள். அடுத்த இரண்டு வைகாசியும் மேட்டுக்காட்டில் மேகம் கூடிக்கூடிக் கலைந்தது. அங்கே வானம் பார்த்த நிலத்தில் சாமிக்கண்ணு விதைத்த கம்பு முளையிலேயே கருகிப்போய், போன வருஷம் மாடுகளை விற்றுவிட்டு அவனும் சைகோனுக்கே காவல் வேலைக்குப் போய்விட்டான். கேட்டது முதல் நீ சொன்னதே நினைவில் நின்றது. இந்தச் சித்திரையில் நம் குழாய்க் கிணற்றைத் திறந்துவிட்டு வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன், எல்லோரும் மறுபடி நட்டார்கள். வைகாசி முடிவில் மேற்கே இருண்டு இரண்டு நாள் சாயங்காலம் நல்ல மழை. நம் வயலால்தான் பெய்ததா, முன்பு மழை நின்றது நாம் காயப்போட்டதாலா என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும். நீ சொன்னதைக் காதில் வாங்காதது என் குற்றம்.

மழை விட்டதும் சாமிக்கண்ணு பெண்சாதி தையல்நாயகியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "இது அப்பவே பேஞ்சிருந்தா அவரு கப்பல் ஏறியிருக்க மாட்டாருங்க" என்றாள், அவ்வளவுதான். இரவல் ஏருக்குப் பின்னால் விதை தூவப் போய்விட்டாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

வெயிலில் அலையாதே, ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே. சாமிக்கண்ணு சைகோனை ஒட்டிய சோலோனில் ஓர் அரிசிக் கிடங்கில் காவல் இருக்கிறானாம், அவசியம் தேடிப் பார். நிலம் நனைந்திருக்கிறது, பெண்சாதி தனியாக விதைக்கிறாள், திரும்பி வர நான் ஏற்பாடு செய்கிறேன் என்று சொல். அவன் ஊரை விட்டதற்கு நான் காரணமாயிருக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடு.

அம்மாவும் நானும் உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறோம். நேரில் நின்றிருந்தால் இதை வாய்விட்டுக் கேட்டிருக்க மாட்டேன். மன்னித்துவிடு, பிரகாசம்.

உன் அப்பா
சூசைநாதன்