இளையதம்பி விழுங்கிய பக்கங்கள்

பண்டத்தரிப்பு
10.8.1993

என் அன்பு மகள் பாலேஸ்வரிக்கு,

இந்தக் கோணல் எழுத்தைக் கண்டு யாரோ சின்னப்பிள்ளை எழுதியது என்று நினைக்காதே, உன் அப்பாதான். அறுபத்தெட்டு வயதுக் கை வளைய மாட்டேன் என்கிறது, ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போகிறது, பொறுத்துக்கொள். எனக்கு உடம்பு சுகம், சிட்னிக் குளிரில் நீயும் மருமகனும் சுகமாயிருக்க வைரவர் துணை. பக்கத்து வீட்டு இராசாத்திதான் எழுத்துப் பழக்கினாள். அம்மா போனபிறகு உன் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு வாசித்துச் சொல் என்று இளையதம்பியின் பற்றரிச் சார்ஜ் கொட்டிலுக்குப் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

எழுத்துக்கூட்டத் தெரிந்ததும் முதலில் எடுத்தது போன வருஷம் ஆனியில் நீ போட்ட தடித்த கடிதத்தை. அதை அவன் ஒரு சுருட்டு முடியுமுன் வாசித்துவிட்டு "மகள் சுகமாம், வேறை விசேஷம் ஒண்டுமில்லை" என்றான். ஆறு தாள் இருக்கிறதே தம்பி என்று கேட்டேன். "உவளுக்கு எழுத்துப் பெரிசு மார்க்கண்டண்ணை, அதுதான் தாள் கூடப் பிடிச்சிருக்கு" என்றான். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். பிள்ளை, உன் எழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருக்கிறது. வாசித்து முடிக்க எனக்கு நாலு நாள் சென்றது.

உங்கள் ஆய்வுகூடத்தில் இரண்டு தாங்கி நீரில் கரண்டைச் சேர்த்து வைக்கிறீர்கள், தாங்கியைப் பெரிதாக்கினால் சேமிப்பும் பெருகும், எங்கள் ஊர் போன்ற இடங்களுக்குத்தான் இது நாளைக்கு உதவும் என்று எழுதியிருக்கிறாய். அம்மாவின் றேடியோ பாட இது காணும் என்று மண்பானை, இரும்புத் துரு, வினாகிரி, உப்பு, செத்த பற்றரியின் கரிக்குச்சி வைத்துச் செய்யும் வழியும் படம் போட்டுக் காட்டியிருக்கிறாய். அதை வாசித்தால் பற்றரி சார்ஜ் பண்ணத் தன் எஞ்சினுக்கு யார் வருவார்கள் என்று விழுங்கிவிட்டான். செய்து பார்த்தீர்களா என்று பிறகு மூன்று கடிதத்தில் கேட்டிருக்கிறாய், அதையும் விழுங்கினான். நான் சொல்லி அவன் எழுதிய பதில்களில் உனக்கு என்ன எழுதினானோ தெரியாது. அம்மா படுக்கையில் கிடந்த இரண்டு மாதமும் பற்றரியைக் கொண்டுபோனால் "இன்னும் மூண்டு கிழமை செல்லும் அண்ணை" என்பான். ஊமை றேடியோவின் பக்கம் காதைத் திருப்பியபடியே அவள் போனாள். உன் கையெழுத்து என்று அந்தக் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தவள்.

இனிச் சந்தோசத்தைக் கேள். செய்துவிட்டேன். நாலாம் தாளை வாசிக்கப் பொறுமையில்லாமல், கூழுக்குக் கலக்குவது போல இரண்டு நீரையும் ஒன்றாக ஊற்றிப் பழுதாக்கினேன். இரண்டாம் தரம் சரிவந்தது. மேலே இருக்கும் பானைகளிலிருந்து சேலைன் குழாயால் நீர் கரிக்குச்சிப் பானைக்குள் மெல்ல இறங்குகிறது, இறங்கியதை அகப்பையால் திரும்ப ஊற்றுகிறேன். சைக்கிள் டைனமோவை ஒரு மணித்தியாலம் மிதித்தால் றேடியோ கால் மணித்தியாலம் பாடுகிறது. பானையைப் பெரிதாக்கி இன்னும் மிதித்தேன், நீ சொன்னபடியே கூடப் பாடியது.

மண்ணெண்ணெய் இல்லாமல் இளையதம்பியின் எஞ்சின் இப்போது படுத்துவிட்டது. போன திங்கள் சிரித்துக்கொண்டு வந்து "அண்ணை, அந்தப் பானை வேலையை எனக்கும் ஒருக்காக் காட்டித் தாங்கோவன்" என்றான். ஓம் தம்பி, ஆனால் என் கண் மங்கல், மகளின் கடிதங்கள் முப்பத்தொன்றையும் ஒரு சொல் விடாமல் வாசித்துத் தந்தால் காட்டுகிறேன் என்றேன். தினம் காலையில் முற்றத்தில் இருத்தி வாசிக்க வைக்கிறேன். ஊர்ச்சனம் கேட்க வருகிறது. எனக்கு வாசிக்கத் தெரியும் என்று நேற்றுவரை அவனுக்குத் தெரியாது. நேற்று ஒரு வரியைத் தாண்டினான், அந்த இடத்தில் விரலை வைத்து இதையும் வாசி தம்பி என்றேன். விரலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு அந்த வரியை வாசித்தான். இன்றைக்கும் வந்தான், பானை வேண்டுமே.

ஆனிக் கடிதத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அதை முற்றத்தில் அல்ல, அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று, அவளுக்குக் கேட்கும்படி ஆறு தாளும் வாசிக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் பானை. கோபம் கூடாது என்று எனக்கு எழுதாதே.

தலைக்கு எண்ணெய் வைத்து முழுகு, குளிரென்று சாட்டுச் சொல்லாதே. கடிதங்களை நீட்டி எழுது, வாசிக்க ஆள் இருக்கிறது. வருகிற வெள்ளி ஆனிக் கடிதத்தின் முறை. அவன் குரல் எந்த வரியில் உடைந்தது என்று அடுத்த கிழமை உனக்கு எழுதுவேன்.

நீயும் மருமகனும் நீடு வாழ அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
தன் கையால் எழுதும் உன் அப்பா
வே. மார்க்கண்டு