மாஞ்சோலைக்கு மிதிக்கப் பழகுகிறேன்

என் அன்புத் தம்பி சுடலைக்கு,

எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. எழுபத்தோரு வயதில் மருமகள்தான் பீடி சுற்றிக்கொண்டே எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். “மாமா, பேனாவ சைக்கிள் ஹேண்டில்பார் மாதிரி இறுக்காதிய” என்று திட்டுகிறாள். ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது. என் கையால் எழுதும் முதல் கடிதம் இது.

நானாக எழுத்துக் கூட்டி வாசித்த முதல் பெயர் உன்னுடையதுதான். பேட்டையில் உன் வீட்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் இன்னும் இருக்கிறது. வாசித்துவிட்டேன் என்று தெருவில் நின்று சத்தமாகச் சிரித்தேன். எதை வாசித்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

பன்னிரண்டு வயதில் நீ மலைமேல் இருக்கும் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை விட்டு இறங்கியபோது, “சைக்கிள் வாங்கி மிதிச்சு வந்து காட்டு” என்றாளாம் உன் அம்மா. அவள் இருக்கும்வரை அது நடக்கவில்லை. அவளைப் புதைத்த இடத்துக்காவது சைக்கிளில் போய் நிற்க வேண்டும் என்றாய். சேர்ந்தே போவோம் என்றேன். நோன்பு முடியட்டும், மழை விடட்டும், முழங்கால் வலி குறையட்டும் என்று தள்ளிப்போட்டதும் நான்தான். மாசியில் நீ போய்விட்டாய்.

எஸ்டேட்டை மூடுவதால் மேலே தொழிலாளிகளின் லைன் வீடுகள் காலியாகின்றன. உன் அம்மாவின் குழியை அடையாளம் காட்டத் தெரிந்தவள் செல்லத்தாய்க் கிழவி ஒருத்திதான். ஐப்பசி மழைக்கு முன் மகனோடு கீழே வந்துவிடுவாளாம். அப்புறம் யாரிடம் கேட்பது?

அதனால் பழக ஆரம்பித்தேன். புதுச் செயின், புது பிரேக் கட்டை போட்டேன். முதலில் சேரன்மகாதேவி வரை, பிறகு கல்லிடைக்குறிச்சி வரை. போன வாரம் மணிமுத்தாறு. செக்போஸ்டில் இருந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

“பெரியவரே, ஜீப்பே மூச்சு வாங்குத பாதை. அருவி வரைக்கும் போயிட்டுப் பைய திரும்பிரும்.”

அருவி வரைக்கும்கூட முடியவில்லை. இரண்டாவது வளைவில் இறங்கி, ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்து நின்றேன். பிறகு வண்டியைத் திருப்பினேன்.

திரும்பி வந்த மறுநாள், நாம் ஆளுக்கொரு சைக்கிளில் லுங்கி மூட்டை ஏற்றிப்போன ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் மிதித்துப் பார்த்தேன். கேரியரில் ஒன்றும் இல்லை. அங்கேயும் பாதியில் இறங்கினேன். டீக்கடை அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

“என்ன பாய், பின்னால ஆளு இல்லையோ?”

“எந்த ஆளு?”

“சுடலைதான். ஒத்தக் கையில அவன் வண்டியப் பிடிச்சிக்கிட்டு, மறு கையால உம்ம மூட்டையத் தள்ளிட்டுல்லா வருவான். ஊருக்கே தெரியும்வே.”

ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. மூட்டை மறைத்த முதுகுக்கு உன் கை எப்படித் தெரியும்? மேட்டில் ஏறி நின்று, “என்னலே, நத்தை மாதிரி ஊருத” என்று உன்னைக் கேலி பேசுவேன். நீ வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாய். ஒரு நாளாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?

நேற்று உன் வீட்டுக்குப் போனேன், என்னால் ஆகாது என்று சொல்லிவிடத்தான். அதற்குள் உன் வள்ளியம்மாள் முந்திக்கொண்டாள்.

“நீங்க ஏறிருவிய அண்ணாச்சி. ஒங்க கால்ல இருக்க வலு யாருக்கும் வராதுன்னு அவுக சாகுத வரைக்கும் சொல்லிட்டே கெடந்தாக.”

பின்னால் நின்று தள்ளியதை அவளிடமும் நீ சொல்லவில்லை. நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் போகலாம்தான். பஸ்ஸில் போய் இறங்கி உன் அம்மாவிடம் எதைக் காட்டுவேன்?

சுடலை, இனி என் காலுக்கு வலு வரும் என்று தோன்றவில்லை. இராத்திரி படுத்தால் அந்த இரண்டாவது வளைவுதான் கண்ணுக்குள் நிற்கிறது. இருந்தாலும் புரட்டாசி முடிவதற்குள் கிளம்புவேன். முடிந்த இடம்வரை மிதிப்பேன், முடியாத இடத்தில் உருட்டிக்கொண்டு நடப்பேன். போய்ச் சேர்ந்தால் மிதித்தே வந்தேன் என்று உன் அம்மாவிடம் பொய் சொல்ல மாட்டேன். உன் மகன் பின்னால் இல்லை, அதனால் ஏற முடியவில்லை என்று உள்ளதைச் சொல்வேன்.

வரும் வெள்ளி ஜும்ஆ முடிந்து வந்ததும், மூன்றாவது வளைவைப் பார்த்தேனா இல்லையா என்று எழுதுகிறேன். பார்க்காவிட்டாலும் எழுதுவேன்.

உன் அண்ணன்,
மைதீன்
மேலப்பாளையம்